எழுபத்தோராவது நிமிடம்

படம் பார்க்கும்போது விமர்சகரின் மனசு என்ன பாடுபட்டது என்பதையும் அவர் மணிக்கட்டில் கட்டிய மின்னணுக் கைப்பட்டை அளந்து விமர்சனத்துக்குக் கீழேயே போட்டுவிடும் என்று விதி வந்ததும், விமர்சகர்களில் பாதிப் பேர் தொழிலை விட்டே ஓடிவிட்டார்கள். குணாளன் ஓடவில்லை. கல்நெஞ்சக்காரர் என்று பேரெடுத்தவருக்கு என்ன பயம்?

பழைய ஜப்பானிய ராட்சத மிருகப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, "ரப்பர் உடுப்பு, முதுகில் ஜிப், அட்டைக் கட்டடம். ஐந்துக்கு ஒன்று" என்று வழக்கம்போலக் கிழித்துத் தொங்கவிட்டார். கைப்பட்டை தன் பங்குக்குக் கீழே சேர்த்தது: "எழுபத்தோராவது நிமிடம். மிருகம் கடலில் மூழ்கியது. விமர்சகர் தேம்பித் தேம்பி அழுதார்."

ஊரே சிரித்தது. அவர் மனைவி அஞ்சனை மட்டும் சிரிக்கவில்லை.

"எங்கப்பாவையும் ராட்சசன்னுதான் சொல்வீங்க. அவர் போனப்ப மட்டும் ஒரு சொட்டு வரலையே?"

குணாளன் அசடு வழிந்தார். ஐந்துக்கு ஒன்றுகூடத் தேறாத சமாதானம்தான் வாயில் வந்தது. "அதில்லம்மா... அந்த ரப்பருக்குள்ள ஒரு மனுஷன் இருந்தான். மூச்சு முட்டி, வேர்த்து விறுவிறுத்து... நினைச்சதும் தாங்க முடியல."

அஞ்சனை அவரையே பார்த்தாள்.

"எங்கப்பாவுக்குள்ளயும் ஒரு மனுஷன் இருந்தாருங்க."