மிசஸ் ஓல்சன் வீட்டு ரேடியோ

மினசோட்டாவின் அந்தச் சின்ன வானொலி நிலையத்தில் நன்கொடை வாரம். ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் க்ளைட் மைக்கில் கெஞ்சிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ரொவீனா, பணம் அனுப்பிய நேயர்களை ஒவ்வொருவராக ஃபோனில் கூப்பிட்டு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க அன்பளிப்பா ஒரு துணிப்பை அனுப்பட்டுமா?"

"போன வருஷப் பையே மூலையில கெடக்கும்மா," என்றார் மிசஸ் ஓல்சன். "அந்த க்ளைட்டைக் கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசச் சொல்லு, போதும்."

ரொவீனா சிரித்தாள். ஃபோனில் அந்த வீட்டு ரேடியோவும் கேட்டது. "காப்பி ஆறிப்போச்சு மக்களே," என்றது க்ளைட்டின் குரல். அவள் நிமிர்ந்து பார்த்தாள். க்ளைட் அப்போதுதான் கோப்பையை எடுத்தார். ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். பிறகு மைக்கை நெருங்கி அதையே சொன்னார்.

நேயர்கள் வீட்டு ரேடியோ எப்போதும் சற்றுப் பிந்தித்தான் ஒலிக்கும். முந்தி ஒலித்து அவள் கேட்டதில்லை.

"சத்தமா இருக்கா? குறைக்கட்டுமா?"

"வேணாம், இருக்கட்டும்."

ரேடியோவில் க்ளைட்டின் பேச்சு பாதியில் நின்றது. நாற்காலி விழும் சத்தம். கதவு படாரென்று திறக்கும் சத்தம். "க்ளைட்! க்ளைட்!" என்று ஒரு பெண் அலறினாள். அது ரொவீனாவின் குரல்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் க்ளைட் அவளைப் பார்த்துச் சிரித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினார்.