இரண்டாம் பாகம், இரண்டாம் நாள்

படப்பிடிப்புக்கு வாடகைக்கு எடுத்த வெளிநாட்டு வீட்டின் கூடத்தில், கலை இயக்குநர் ஸ்டூலில் ஏறி ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார். ஜன்னல் வழியே வரும் பனி வெளிச்சம் தரையில் வெளிறிக் கிடக்கிறது. காபிக் கோப்பையோடு உள்ளே வரும் பூசணி அண்ணன், இந்தச் சினிமாவின் முதல் பாகத்தில் வயிறு வலிக்கச் சிரிக்கவைத்த காமெடி ஜோடியில் ஒருவர், அப்படியே நின்றுவிடுகிறார். ஆணியில் தொங்குவது அவர் படம். முந்தாநாள் போஸ்டருக்கு என்று சொல்லி, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கவைத்து எடுத்தது. மூலையில் கறுப்பு ரிப்பன். நேற்று இதே வீட்டு மாடிப்படியில் உருண்டு விழுந்தார். கைதட்டலில் மயங்கி, யாரும் கேட்காமலே இன்னும் நாலு படி சேர்த்து உருண்டார். இடுப்பு இப்போதும் விண்விண்ணென்று தெறிக்கிறது. அது சாவுக் காட்சி என்று ஒருத்தரும் மூச்சு விடவில்லை. ஜோடியில் மற்றவன், நாலு நாளாக ஒரே மேசையில் அவரோடு சாப்பிட்டவன், படத்தின் முன்னால் அழுது பழகுகிறான்.

"உனக்குத் தெரியுமாடா?"

"கதை கேட்டப்பவே தெரியும்ணே. சொன்னா நீங்க ஃப்ளைட் ஏறியிருப்பீங்களா?"

அவன் கண் படத்தைவிட்டு இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு விம்மல் விம்முகிறான். யூனிட்டே குலுங்கிச் சிரிக்கிறது. பழக்கதோஷம், அவருக்கும் வாய் லேசாகக் கோணுகிறது. கையில் காபி ஆறி ஆடை கட்டுகிறது. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒளிப்பதிவாளர் குரல் கொடுக்கிறார்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நிழல் போட்டோ மேல விழுது."