ஆறு மணி வரை ஒரு பாராட்டு

அக்காவை ஆறு மணி வரை மேடையை விட்டு இறங்க விடக் கூடாது. நகராட்சி ஆணையர் எனக்கு இட்ட ஒரே வேலை அதுதான்.

எழுபத்தாறு வயதானாலும் ஊருக்கே அவர் அக்காதான். போன வருடம் போலீசில் புகார் கொடுத்தபோதுகூட, "அக்கா மீது உடனடி நடவடிக்கை எடுக்கவும்" என்றுதான் ஆணையர் எழுதினார்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் பிறந்தவர்களுக்கு நூலகத்தில் அட்டை கிடையாது, நீச்சல் குளத்தில் இடம் கிடையாது, வாக்காளர் பட்டியலில் பெயர் கிடையாது என்றிருந்த காலத்தில் தெருவில் இறங்கியவர். ஐம்பது வருடம் போராடி ஒவ்வொன்றாக வாங்கினார். அதற்காக நகராட்சி அவருக்கு இன்று வாழ்நாள் சேவை விருது தருகிறது. யாரை எதிர்த்துப் போராடினார் என்பதைப் பாராட்டுப் பத்திரத்தில் நான் நாசூக்காக விட்டுவிட்டேன்.

விழா மூன்று மணிக்கு. அதே மூன்று மணிக்கு, அந்தப் பக்கத்துக் கால்வாய்க்கரைத் தெருவில் புல்டோசர்கள் இறங்குகின்றன.

தெருவை இடிக்கத் தடை கேட்டு அக்கா போட்ட மனு நாளைக் காலை நீதிமன்றத்துக்கு வருகிறது. தெருவே இல்லையென்றால் தடை எதற்கு? ஆறு மணிக்கு மேல் வீடு இடிக்கக் கூடாது என்று ஒரு விதி வேறு இருக்கிறது. அதையும் வாங்கித் தொலைத்தவர் அக்காதான்.

வழக்கமாக, புல்டோசர் சத்தம் கேட்டாலே அந்தத் தெரு மொத்தமும் குறுக்கே வந்து படுத்துவிடும். அதனால்தான் விழா.

நாலு பஸ் விட்டோம். போக வர இலவசம். நூற்றுப் பதினெட்டு வீடும் பூட்டிக்கொண்டு, குழந்தை குட்டிகளோடு, இருப்பதில் நல்ல துணியாக உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டது. ஆணையர் இரக்கமுள்ளவர். பூட்டை உடைத்துச் சாமான்களைப் பத்திரமாக வெளியே எடுத்துவைக்கத் தனியாக ஆள் போட்டிருந்தார்.

எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாதம் வருகிறது.

அக்காவிடம் ஒரே ஒரு சிக்கல். மைக் கிடைத்தால், "நன்றி, வேலை கிடக்கு" என்று இறங்கிவிடுகிற ஆள். மேடைக்குப் பின்னால் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாளாவது விலாவாரியா நடத்துங்க. நேரத்தைப் பத்திக் கவலையே படாதீங்க."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தலையாட்டினார். அப்பாடா என்றிருந்தது.

ஆணையர் முப்பது நிமிடம் புகழ்ந்தார். பத்திரம் எட்டுப் பக்கம். பக்கத்துக்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து நான் வாசித்து முடிக்கையில் மணி நாலு.

அக்கா மைக்கைப் பிடித்தார். தனக்குப் பேச வராது, மற்றவர்கள் பேசட்டும் என்றார். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஆட்கள் நகராட்சியில் குப்பை அள்ளலாம், வண்டி ஓட்டக் கூடாது என்று முன்பு இருந்ததாம். ஒன்பது வருடம் வழக்கு நடத்தி மாற்றினாராம். அப்படி வேலைக்குச் சேர்ந்தவர்கள் முன்வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருவராக மேடைக்கு வந்து நாலு வார்த்தை சொல்லட்டும், ஆணையர் கைகுலுக்கட்டும் என்றார்.

நான் உருகிப்போனேன். பதினொரு பேர். ஆளுக்குக் கால் மணி நேரம் பேசினாலே ஆறே முக்கால் ஆகிவிடும்.

முதல் ஆள் இஸ்திரி போட்ட சீருடையில் வந்து, திக்கித் திக்கிப் பேசினார். கீழே அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆணையர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியபோது கைதட்டல் அடங்கவே இல்லை. இரண்டாவது ஆள், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சாவி கொடுத்த அதிகாரி அதை மேசைமேல் தூக்கிப் போட்டதைச் சொன்னார், கைபடக் கூடாது என்று. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாவது ஆள் மேடை ஏறியபோது என் பையில் போன் அதிர்ந்தது. கால்வாய்க்கரைத் தெருவிலிருந்து பொறியாளர். நான் பத்திரம் வாசித்துக்கொண்டிருந்தபோதே ஏழு முறை கூப்பிட்டிருக்கிறார்.

"சார், மெஷின் நாலும் சும்மா நிக்குது! ஒரு டிரைவரையும் காணோம், ஒருத்தனும் போனை எடுக்க மாட்டேங்கிறான். ஆளுங்களை எங்க சார் அனுப்பினீங்க?"

நகராட்சியில் புல்டோசர் ஓட்டத் தெரிந்தவர்களே மொத்தம் பதினொரு பேர்தான்.

முன்வரிசையில் உட்காரவேண்டியவர்கள் என்று அக்கா எழுதிக் கொடுத்த பெயர்களுக்கு அழைப்பிதழ் அடித்தவன் நான். நம் ஊழியர்கள்தானே என்று, அரை நாள் சிறப்பு விடுப்பும் தட்டச்சு செய்து வைத்தேன். ஆணையர் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

விழுந்தடித்து மேடை ஏறினேன். மூன்றாவது ஓட்டுநரின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்த ஆணையரின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. கீழே தெரு மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. பத்திரிகைக்காரர்கள் முன்னால் வந்து குனிந்தும் மண்டியிட்டும் கேமராவைத் தூக்கினார்கள்.

ஆணையர் மெல்லக் கையை உருவப் பார்த்தார்.

அக்கா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவர் பக்கம் சாய்ந்தார்.

"கையை விடாதீங்க தம்பி, போட்டோ எடுக்கறாங்க. இன்னும் எட்டுப் பேர் இருக்காங்க."