உரிமம் ஜெனோவா பெயரில்

நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சால் வலது கட்டைவிரலை மறுபடியும் தேய்த்தாள்.

காலையிலிருந்து இது ஐந்தாவது முறை. தோல் வெளுத்துச் சுருங்கிவிட்டது. ரேகை இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

போதும்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சானிட்டரி இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். ஊருக்குப் புதியவர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். தோளில் ஒரு பை. பைக்குள்தான் ரேகை படிக்கும் கருவி இருக்க வேண்டும்.

சுவரில் மாட்டியிருந்த உரிமத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"ஜெனோவா?"

"ஆமா சார்."

எட்டு மாதமாக அப்படித்தான் சொல்கிறாள்.

அக்காவுக்கு மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் அக்கா இல்லை.

பார்லர் உரிமம் அக்காவின் பெயரில். அதற்கு டிப்ளமோ வேண்டும். அக்காவிடம் இருந்தது. இவளிடம் இருந்ததெல்லாம் அக்காவின் பக்கத்தில் நின்று கை பழகிய பதினொரு வருடம். அதற்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை. உரிமதாரர் இறந்தால் உரிமமும் முடிந்தது. கூடப் பிறந்தவளுக்கு வராது. விதி அப்படி.

சொன்னால் கடைக்குச் சீல்.

வீடு இருபது கிலோமீட்டர் தள்ளி, கடற்கரைக் கிராமத்தில். சாவுச் செய்தி டவுன்வரை வரவில்லை. கடையை மறுபடி திறந்த அன்று முதலில் வந்தவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "ஜெனோவாக்கா, புருவம் மட்டும்" என்றாள். அக்காவுக்கும் இவளுக்கும் ஒரே முகச்சாடை.

இவள் திருத்தவில்லை.

அடுத்து வந்தவளையும் திருத்தவில்லை.

போன வாரம்தான் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. உரிமத்தைப் புதுப்பிக்க இனி ரேகை வைக்க வேண்டுமாம். அக்கா முதலில் கொடுத்த ரேகையோடு ஒத்துப் பார்ப்பார்களாம். புருவம் திருத்த நூல் இழுத்தே பார்லர்காரிகளுக்கு ரேகை தேய்ந்துபோகும். கருவி படிக்காவிட்டால் கையெழுத்து போதும் என்றும் சொன்னார்கள்.

அக்காவின் கையெழுத்து அவளுக்கு அச்சாக வரும்.

இன்ஸ்பெக்டர் துண்டுகளைப் புரட்டினார். கழிவு பிளேடுகள் போடும் டப்பாவைத் திறந்து மூடினார். கத்தரிகளைச் சூடுபடுத்தும் பெட்டியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து கருவியை எடுத்தார்.

"வைங்கம்மா."

வைத்தாள்.

சிவப்பு விளக்குக்காகக் காத்திருந்தாள்.

பச்சை எரிந்தது.

திரையில் அக்காவின் பெயர். அப்பாவின் பெயர். அக்கா பிறந்த தேதி.

"அட," என்றார் அவர். "பார்லர்காரங்க யாருக்கும் ஒரே தடவையில வந்ததில்ல. உங்களுக்குத்தான் வந்திருக்கு."

விரலைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று, ஒரு கோடுகூட இல்லாமல்.

"இன்னொரு தடவை வச்சுப் பாக்கட்டுமா சார்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. "உங்க ஆசை."

பச்சை.

அவள் கையை மடியில் ஒளித்துக்கொண்டாள்.

அவர் பழைய படிவத்தைப் புரட்டினார். ஓரிடத்தில் பேனா நின்றது.

"உதவியாளர்னு ஒரு பேரு இருக்கே. அமலி. டிப்ளமோ இல்ல போல."

எட்டு மாதத்தில் அந்தப் பெயரை யார் வாயிலிருந்தும் அவள் கேட்கவில்லை. அவளுடைய பெயர்.

"கூப்பிடுங்க. அவங்க ரேகையும் எடுக்கணும்."

"இல்ல சார்."

"வேலைய விட்டுட்டாங்களா?"

ஆமாம் என்றால் போதும். ஒரு தலையசைப்பு போதும். அதற்குத்தான் தலை குனிந்தாள்.

"செத்துட்டா சார்."

யார் சொன்னது என்று ஒரு கணம் அவளுக்கே தெரியவில்லை.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சொந்தமா?"

"தங்கச்சி."

"எப்போ?"

"அக்டோபர் பதினேழு. காய்ச்சல்."

தேதி தடுமாறாமல் வந்தது.

"பாவம்," என்று சொல்லிவிட்டு அமலியின் மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் தேதியை எழுதினார். கீழே அவளைக் கையெழுத்திடச் சொன்னார். இட்டாள்.

வேலை முடிந்தது. அவர் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார்.

அவளுடைய போன் அடித்தது.

அம்மா.

அக்காவைப் புதைத்த அன்று அம்மா அழவில்லை. கல்லறையிலிருந்து திரும்பியதும் இவள் கையைப் பிடித்து, "ஜெனோ, தண்ணி குடு" என்றாள். நான் அமலி என்று இவள் பத்து நாள் சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

இப்போது அம்மா அழுதுகொண்டிருந்தாள். மூச்சு வாங்க வாங்க அழுதாள்.

"ஜெனோ... சின்னவளக் காணலட்டி. இப்பவரைக்கும் எம் பக்கத்துலதான இருந்தா. எந்திச்சுப் போயிட்டாட்டி."



நான்தாம்மா சின்னவ. இங்கதான் இருக்கேன்.

நாக்கு நுனிவரை வந்தது.

செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவ இல்லம்மா," என்றாள். "எட்டு மாசமாச்சு."