காதுக்குள் மேய்ச்சல்

இந்த ரொட்டியைத் தொட்டுச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய் என்றாலும் ரொட்டி என்னை அடிக்கட்டும். எங்கள் மலையில் இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

காசநோய் ஆஸ்பத்திரியில் அன்று எனக்கு ஆறாவது காதுப் பரிசோதனை.

காதில் ஹெட்போன். கையில் பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். எனக்குப் பின்னால் மெஷினோடு நர்ஸ் பெர்மெத்.

எனக்கு எதிரே ஜன்னல். ஜன்னல் கண்ணாடியில் பெர்மெத்தின் விரல்.

விரல் அசையும்போதெல்லாம் அமுக்கினேன். ஐந்து மாதமாக அப்படித்தான். என் வயதில் இப்படியொரு காதைப் பார்த்ததில்லை என்று குறிப்பே எழுதி வைத்திருந்தார்கள்.

ஊசி நின்றுவிடக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்த ஊசி போட ஆரம்பித்த பிறகுதான் இருமலில் ரத்தம் வருவது நின்றது. காது கெட்டால் ஊசியை நிறுத்திவிடுவார்கள்.

டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். காதுக்குள் நத்தைபோல ஒரு சுருள் இருக்கிறதாம். அதற்குள் புல்மாதிரி நுண்ணிய மயிர்கள். சத்தம் வந்தால் அவை ஆடும், நமக்குக் கேட்கும். இந்த மருந்து சிலருக்கு அந்தப் புல்லை மேய்ந்துவிடும். கீச்சுச் சத்தங்களின் பக்கத்திலிருந்து தொடங்கும்.

நான் நாற்பது வருடம் ஆடு மேய்த்தவன். புல்லைப் பற்றி எனக்கா சொல்லித்தர வேண்டும்? மேய்ந்தால் மேயட்டும், வசந்தத்தில் முளைத்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் வானம்பாடி போயிற்று. பிறகு கொசு, மருந்துக்கு நன்றி சொன்னேன். பிறகு, கீச்சுக்குரலில் தன் குதிரையைப் பற்றியே பேசும் என் மைத்துனன். இரண்டு முறை நன்றி சொன்னேன்.

அடுத்த சரிவில் இருந்தது என் மனைவி உம்சுனாயின் குரல். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரி வேலிக்கு அப்பால் நின்று அவள் கத்துவதில், சொற்களின் ஓரங்கள் கடிபட்டிருந்தன. அப்போதுதான் கொஞ்சம் பயம் வந்தது.

அன்று ஏழு முறை விரல் அசைந்தது. ஏழு முறை அமுக்கினேன்.

பெர்மெத் எழுந்து வந்து என் முன்னால் குந்தினாள்.

"மெஷினையே போடலையே, அத்தா. எதைக் கேட்டு அமுக்கினீங்க?"

வசந்தக் கணக்கைச் சொன்னேன். சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"கோழிக்குத்தான் அது திரும்ப முளைக்கும். மனுசனுக்குப் போனா போனதுதான். நீங்க கோழியா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அவள் திட்டவில்லை. நேராக டாக்டரிடம் போனாள். அன்றோடு ஊசி நின்றது, மாத்திரை வந்தது. மிச்ச நோயை மாத்திரை துரத்தியது.

வீட்டுக்கு வந்ததும் நாற்பது நாள் கோழிக்கூண்டில் குடியிருந்தேன். சிவப்புக் கோழி முதலில் முறைத்தது, பிறகு இடம் விட்டது. நாற்பத்தோராம் நாள் காதுக்குள் புல் குறுகுறுவென்று முளைத்தது. வானம்பாடி திரும்பி வந்தது. இப்போது இரண்டு மலைக்கு அப்பால் உம்சுனாய் என்னைப் பற்றி முணுமுணுப்பதுகூட ஒரு சொல் சிந்தாமல் கேட்கிறது.

கோடை தொடங்கியதும் மேல் மேய்ச்சலுக்கு ஏறுகிறேன். மூச்சு வாங்க ஓரிடத்திலும் நிற்பதில்லை. உச்சியில் கை இரண்டையும் விரித்து, அந்த ஊசி நன்றாக இருக்கட்டும், அதை நிறுத்திய பெண்ணும் நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இறங்கும்போது பெர்மெத்துக்கு ஒரு குடம் புளித்த குதிரைப்பால்.

எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் உம்சுனாய் எட்டு வருடமாகச் சாக்பீஸால் கதவில் எழுதுகிறாள்.