முதல் பாட்டில்

“வஜீஹா அக்கா என் சாம்பிளைத் திருடிட்டாங்க சார்.”

டயானா பட்டென்று போட்டு உடைத்தாள். சங்கரன் சார் நிமிர்ந்து பார்த்தார். அடையாறில் அந்த லேப் அவருடையது. பாட்டிலை மாற்றி மாட்டுகிறவர்களுக்கு அங்கே இடமில்லை என்று முதல் நாளே சொன்னவர்.

விஷயம் இதுதான். கடல் விலாங்கு மேலிருக்கும் வழவழப்பில் பல புரதங்கள். அவற்றைப் பிரிப்பதுதான் டயானாவின் ப்ராஜெக்ட். குழாய்க்குள் பிசின் மணிகள். அமில-கார அளவான பி.எச். ஒன்பதில் புரதமெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். பி.எச்.சை மெல்ல ஐந்துக்கு இறக்கினால், ஒவ்வொன்றும் தன் முறை வந்ததும் பிடியை விட்டு வெளியே வரும். ஒன்பதுக்கு ஒரு பாட்டில் கரைசல், ஐந்துக்கு ஒன்று.

இன்று எதுவும் வரவில்லை. ஆரம்பத்தில் ஒட்டாத குப்பை கொஞ்சம் வழிந்தது, அவ்வளவுதான். பிறகு திரையில், புரதம் வந்தால் எழ வேண்டிய கோடு படுத்தது படுத்ததுதான்.

அது கடைசி மீன். அப்பா ராபர்ட் போகும் விசைப்படகு கரையேறிவிட்டது. நேற்றிலிருந்து மீன்பிடித் தடைக்காலம். இனி இரண்டு மாதம் விலாங்கு கிடையாது. ப்ராஜெக்ட் முடிக்கவோ மூன்றே வாரம்.

இதில் சீனியர் வஜீஹா வேறு. “பாத்து ஊத்தும்மா, இது உங்க வீட்டு மீன் கொழம்பு இல்ல” என்று காலையிலேயே குத்தினாள். அவளுக்கும் மீன் புரதத்தில்தான் ஆராய்ச்சி.

டயானா அழுது முகம் கழுவிவிட்டு வந்தபோது, பக்கத்து மேஜை அயான் காதைக் கடித்தான். கொட்டுவதற்கு வைத்திருந்த குப்பைத் தண்ணீர் பாட்டிலை வஜீஹா தூக்கிப்போய்த் தன் ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டாளாம்.

“சும்மாவா எடுத்துக்கினு போவாங்க? அதுல இன்னாவோ கீது மச்சி.”

அதைக் கேட்டுத்தான் டயானா நேராக சாரிடம் வந்தாள்.

வஜீஹா சாப்பிடப் போயிருந்தாள். சாரே ஃப்ரிட்ஜைத் திறந்தார். முன்னாலேயே இருந்தது பாட்டில், ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி. சார் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பாட்டிலை டயானாவிடம் நீட்டினார்.

‘டயானா, ஒன்பதுக்கும் ஐந்துக்கும் பாட்டிலை மாத்தி மாட்டியிருக்கே. அதான் ஒட்டவே இல்ல. முதல்ல வழிஞ்சது குப்பை இல்ல, உன் புரதம் மொத்தமும் இதுலதான் இருக்கு. எதையும் அவசரப்பட்டுக் கொட்டாதே. ஒன்பதுக்குக் கொண்டுவந்து நாளைக்கு மறுபடி ஏத்தலாம், நானும் நிக்கிறேன். சாருக்குத் தெரிய வேண்டாம்.’

டயானாவுக்குக் காது வரை சுட்டது. போச்சு. தானே கூட்டிவந்து காட்டிவிட்டாளே.

“என்னம்மா எழுதியிருக்கு? கண்ணாடியை ரூம்லயே விட்டுட்டேன், ஒரு எழுத்தும் தெரியல” என்றார் சார், மூக்கிலிருந்த கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே.