கடைசிக் கம்பத்துக்கு அப்பால்

யுத்த காலம். இரண்டு அணைகளின் கரண்டையும் ஒன்றாக இணைத்திருந்தார்கள். ஒன்று திணறினால் மற்றதும் சேர்ந்து நின்றுவிடும். அதனால் பொழுது சாயும்போது, சுமையைக் குறைக்கச் சொல்லி அணையிலிருந்து போன் வரும். கொல்லிமலை அடிவாரத்து மின்நிலையத்தில் சென்றாயன் சில கம்பிகளில் கரண்டை நிறுத்துவான். நிறுத்துமுன் எச்சரிக்கையாக ஒருமுறை அணைத்து ஏற்றிக் காட்டுவான். மில்லில் இருப்பவர்கள் எந்திரத்திலிருந்து கையை எடுத்துக்கொள்வார்கள்.

மலைக்கான கம்பியை அடிவாரத்துக் கடைசிக் கம்பத்துக்கு மேல் இன்னும் இழுக்கவில்லை. மேலே வாழவந்தி நாடு என்ற மலையூரில் அவன் மனைவி சின்னக்கண்ணு பிரசவ வலியில் இருட்டிலேயே செத்துப்போனாள். "கரண்டு வெளக்கு வந்துரும், பொறு கண்ணு" என்று அவன் சொன்னபோதெல்லாம் "சரிங்க" என்றவள்.

காரியம் முடிந்து அவன் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து மலைக் கம்பியின் மீட்டர் முள் பூஜ்யத்திலிருந்து சற்று விலகி நின்றது. ஒரு விளக்கின் அளவு. மேலே, அவன் பூட்டிவிட்டு வந்த வீட்டில் வெளிச்சம் தெரிந்தது. மலைக் கம்பியின் சுவிட்சை மட்டும் அவன் தொடுவதில்லை.

இன்று போனில் அணைக்காரர் சாமியப்பன் கத்தினார். "ஏனுங்க, ஒண்ணு விடாம நிறுத்துங்க!"

"மலைக் கம்பில ஒரே ஒரு வெளக்குதானுங்க."

"அதுவும் வேண்டாமுங்க. இல்லாட்டி டவுன் ஆசுபத்திரி இருட்டாயிரும். புள்ள பெக்க வந்தவங்க கெடக்கறாங்க."

சென்றாயன் மலைக் கம்பியை ஒருமுறை அணைத்து ஏற்றினான். மேலே வெளிச்சம் போய் வந்தது. அதற்குமேல் அவனுக்குக் கை வரவில்லை.

முள் தானாகப் பூஜ்யத்துக்கு இறங்கியது. மேலே வீடு இருண்டிருந்தது.

"நிறுத்திட்டீங்களா?"

"இல்லீங்க," என்றான் சென்றாயன். "அவளே அணைச்சுட்டா."